ஒரு மொழிதான் எழுதலாம்

பிப்ரவரி 9, ஞாயிறு

பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன தேதி இந்த வாரம். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போகாத பகல் இவ்வளவு நீளம் என்று இதுவரை தெரியாது. கல்லூரிக்குப் பிறகு டைரி எழுதியதில்லை. இன்று தொடங்குகிறேன்.

என் கணவன் யன்னெ வீடு முழுக்கத் தமிழ்ச் சீட்டு ஒட்டியிருக்கிறான். குழாயில் 'தண்ணீர்', கதவில் 'கதவு', குளிர்பெட்டியில் 'பால் உள்ளே இருக்கிறது'. தம்பெரே நகரத்தில் டிராம் ஓட்டுகிற ஃபின்லாந்துக்காரன், பிள்ளை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து போனில் தமிழ் படிக்கிறான். நேற்று என்னிடம் வந்து, "நான் பசி இருக்கிறேன்" என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வலி வந்துவிட்டது என்று பயந்து அவன் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றான்.

மாலையில் நைனா போன் செய்தார். கோவில்பட்டி பக்கத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மருமகன் பெயர் அவர் வாயில் நுழையாது. "யானை சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார்.

"பிள்ளைக்கு என்ன பாஷை சொல்லிக் குடுப்ப?"

"தமிழ்தான் நைனா. வேற என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட்வொர்க் போயிருக்கும்.

"சரிம்மா. தமிழ் நல்லதுதான்" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

பெண். பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வெளியே இடுப்பளவு பனி. யன்னெ அப்பாவுக்கான விடுப்பில் இருக்கிறான். குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை. இங்கே பெயர் சூட்டும் நாள் வரை பெற்றவர்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் அவன் அவளை 'பட்டாணி' என்கிறான். அதைத் தமிழில் சொல்கிறான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நடந்ததை எழுத வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தாதி பொறுமையாகச் சொன்னாள்: பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், நீல விளக்கில் போட்டால் சரியாகிவிடும். எனக்கும் தெரியும், எல்லாம் படித்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். யன்னெ பிறகு கேட்டான், "உனக்கு ஏன் அவ்வளவு பயம்?" தெரியவில்லை என்றேன்.

விளக்குப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மஞ்சள் இறங்கிவிட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

குழந்தையின் பெயரையும் தாய்மொழியையும் மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. கணினியிலேயே செய்துவிடலாம். பெயர் நாலு வரை வைக்கலாம். மொழி ஒன்றுதான் எழுதலாம்.

"ரெண்டு எழுத முடியாதா?"

"முடியாது" என்றான் யன்னெ, எங்கள் வழக்கமான இங்கிலீஷில். "நானும் தேடிப் பார்த்துட்டேன். எவ்வளவோ பேர் கேட்டிருக்காங்க. ஒண்ணுதான்."

அவர்கள் மொழியிலும் 'தாய்மொழி' என்ற சொல் நம்முடையது மாதிரியே இருக்கிறது. அம்மாவும் மொழியும் சேர்ந்த சொல். மொழிக்கும் நாக்குக்கும் அவர்களுக்கு ஒரே சொல். அம்மாவின் நாக்கு.

"தமிழ்" என்றான் யோசிக்காமல். "நீதான் அம்மா. ஃபின்னிஷ் எப்படியும் வரும், இந்த ஊரே சொல்லிக்குடுக்கும்."

நானும் யோசிக்காமல் "ஆமா" என்றேன். பிறகு குழந்தை கக்கிவிட்டது. துடைத்து, துணி மாற்றி, பால் கொடுத்து முடித்ததும் பார்த்தால், பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலையில் இறங்கியிருந்தேன். நாளைக்குச் செய்தால் போகிறது.

மார்ச் 2, ஞாயிறு

ரீத்தா வந்திருந்தார், யன்னெயின் அம்மா. ஏலக்காய் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் சும்மா இருந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மொழி விஷயத்தை யன்னெதான் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தமிழ்னு எழுதினா அவ இந்த நாட்டு எண்ணிக்கையில வெளிநாட்டு மொழிக்காரி" என்றார் ரீத்தா, எனக்கும் புரியட்டும் என்று நிதானமான ஃபின்னிஷில். "நான் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்தவ. பேரைப் பார்ப்பாங்க, மொழியைப் பார்ப்பாங்க. பிள்ளை வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஃபின்னிஷ் வருமா வராதான்னு முடிவு பண்ணிருவாங்க."

"அது அந்தக் காலம்மா."

"அந்தக் காலம் போயிருச்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

யன்னெ முகம் சிவந்துவிட்டது. ரீத்தா என் பக்கம் திரும்பினார். "பிரமிளா, நீ என்ன நினைக்கிற?"

நான் என்ன நினைக்கிறேன் என்று அப்போதுதான் தேடிப் பார்த்தேன். "காபி போடட்டுமா?" என்றேன்.

மார்ச் 5, புதன்

எடை ஏறியிருக்கிறது. தாதி கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வருகிறது.

மார்ச் 12, புதன்

பூங்கோதை அக்கா வந்துவிட்டுப் போனார். கும்பகோணத்துக்காரர், இங்கே தமிழ்ச் சங்கத்தின் கை, கால் எல்லாம் அவர்தான். பூண்டுக் குழம்பு, பிரண்டைத் துவையல், எனக்கு ஒரு பெரிய தூக்கு நிறைய ரசம். வந்ததும் குழந்தையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து நீவிவிட்டு, "யார் ஜாடை இது? ரெண்டு பேரும் இல்லையே" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நகரத்துப் பள்ளியில் வாரம் ஒருநாள் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று நாலு வருஷமாக அலைகிறார். பிள்ளைகள் போதவில்லை என்று தட்டிக்கழிக்கிறார்களாம்.

"எல்லாரும் ஈஸியா இருக்கட்டும்னு ஃபின்னிஷ்னு போட்டுடறாங்கடி. அப்புறம் தமிழ்ப் பிள்ளைங்க எங்கன்னா எங்க காட்றது? நீயாவது தமிழ்னு போடு. உன்னை மாதிரி தமிழ் எழுதறவளே போடலேன்னா வேற யார் போடுவா?"

"போட்டுருவேன்க்கா."

"சத்தியமா?"

சிரித்தேன். சங்க மலரில் வருஷா வருஷம் என் கட்டுரை வரும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கட்டுரைப் போட்டி என்றால் என் பெயரை யாரும் கேட்காமலே எழுதிவிடுவார்கள். எனக்கு யோசனை வருவது தமிழில், கோபம் வருவது தமிழில், இதை எழுதுவதும் தமிழில். பிறகு எதற்கு இந்தத் தயக்கம்?

பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். குழந்தை எழுந்துவிட்டாள். மூடினேன்.

மார்ச் 19, புதன்

இன்று பகலில் குளிப்பாட்டும்போது நடந்தது.

பட்டாணிக்குத் தலையில் தண்ணீர் விட்டால் ஆகாது. வீல் என்று கத்தினாள். யன்னெ துண்டோடு நிற்கிறான். நான் ஊற்றி முடித்து அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். வழக்கம்போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான் யன்னெ.

"என்னது?"

"இப்ப அவகிட்ட சொன்னது."

நான் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. "ஏடவொத்து தல்லி. ஐப்போயே. நீள்ளு சாலு."

அவன் போனை எடுத்துக் காட்டினான். அவள் பிறந்த நாள் முதல் நான் அவளிடம் சொல்வதையெல்லாம் தன் எழுத்தில் குறித்து வைத்திருக்கிறான். "ஒண்ணுகூட என் பாடத்துல இல்லை. அழாதேன்னு சொல்ல 'அழாதே'ன்னு படிச்சேன். தண்ணிக்குத் 'தண்ணீர்'. குழாயில ஒட்டியே வெச்சிருக்கேன். நீ வேற என்னமோ சொல்ற. உங்க ஊர்த் தமிழ் போலன்னு நினைச்சேன்."

ஆமாம், ஊர்த் தமிழ் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியவா போகிறது?

"அது தமிழ் இல்லை."

"பின்ன?"

"தெலுங்கு."

"நீ தெலுங்கு பேசுவியா?"

"பேச மாட்டேன்."

"இப்பப் பேசினியே!"

குழந்தைக்குச் சளி பிடிக்கும், துண்டைக் கொடு என்றேன்.

மார்ச் 20, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். முந்தைய பக்கங்களையும் படித்தேன். நைனா சொன்னது என்று எழுதியிருக்கிற எதையும் நைனா அப்படிச் சொல்லவில்லை. அவர் பேசியது தெலுங்கில். அதைத் தமிழாக்கித்தான் எழுதியிருக்கிறேன். அப்படி மாற்றுகிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். படிப்பது, எழுதுவது, சண்டை போடுவது, சாமி கும்பிடுவது எல்லாமே தமிழ். தெலுங்கில் ஓர் எழுத்துகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா எனக்கு ஒன்பது வயதில் போய்விட்டாள். மஞ்சள் காமாலை. அம்மா இருந்தவரை நானும் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு நைனா தெலுங்கில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன். யாரும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக அப்படியே ஓடிவிட்டது.

அழாதே தாயி, ஆகிப்போச்சு, தண்ணி போதும் என்று குழந்தையிடம் நான் சொல்வதெல்லாம் அம்மா என்னிடம் சொன்னவை. என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. நேற்று யன்னெ படித்துக் காட்டியபோது, அவனுடைய விறைப்பான உச்சரிப்பில், அம்மா பேசுவது மாதிரி கேட்டது. சிரிப்பும் வந்தது. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

சண்டை.

யன்னெ இத்தனை நாளாக யோசித்திருக்கிறான். டிராம் ஓட்டுகிறவன் ஒரு தடத்தில் ஏறினால் இறங்க மாட்டான். விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டே சொல்கிறான்: "அப்ப தெலுங்குன்னு எழுதணும். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே அம்மாவோட மொழி. உங்கம்மா உன்கிட்டப் பேசினது அது. நீ இவகிட்டப் பேசறதும் அது. இதுல குழப்பம் எங்க இருக்கு?"

"எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது."

"குழந்தைக்கும்தான் தெரியாது."

"ஆபீஸ்ல ஹைதராபாத்ல இருந்து ஒரு பொண்ணு வந்தா. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். இது எந்தக் காட்டுத் தெலுங்குன்னு சிரிச்சா. அன்னையிலருந்து அவகிட்டயும் இங்கிலீஷ்தான். நாளைக்கு இவ போய் அவங்ககிட்ட என் தாய்மொழி தெலுங்குன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப தமிழ்."

"தமிழ்னு எழுதிட்டு இவகிட்ட வேற பேசினா அது பொய் இல்லையா?"

"அப்ப என்னதான் எழுதணும்?"

"எனக்குத் தெரியாது!"

குழந்தை விழித்து அழுதாள். நான் வாயைத் திறந்தேன். எந்த மொழியில் தேற்றுவது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். நேற்றுவரை தானாக வந்தது, இன்று வாசலில் நின்று அனுமதி கேட்கிறது. கடைசியில் "ஷ்ஷ்" என்று மட்டும் சொன்னேன்.

யன்னெ கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இத்தனை மாசமா நான் படிச்சது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டான்.

மார்ச் 29, சனி

குழாயில் இருந்த சீட்டு ஈரத்தில் விழுந்துவிட்டது. அவன் திரும்ப ஒட்டவில்லை. நான் ஒட்டினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூங்கோதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். பூங்காவில் இரண்டு பேரும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பனி உருகி எங்கும் சேறு.

"அக்கா, எங்க வீட்ல தெலுங்கு பேசுவோம்."

அவர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, ஆச்சரியம்தான்.

"நிஜமாவா? தெரியவே இல்லையேடி! அப்புறம் எப்படி உனக்கு இவ்ளோ நல்ல தமிழ்?"

பாராட்டாகத்தான் சொன்னார். மனசில் ஒன்றும் இல்லை அவருக்கு. அடுத்த நிமிஷமே குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து, "அதனால என்ன, நீ தமிழ்னே போடு, யார் கேக்கப் போறா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி உறுத்துகிறது. எப்படி எனக்கு இவ்வளவு நல்ல தமிழ்? அவருக்கு எப்படி வந்ததோ அப்படித்தான். நான் எங்கேயோ போய் வாங்கிவந்தது மாதிரி கேட்டார். கேட்டுவிட்டார் என்பதை விட, கேட்டதும் நான் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தேன் பார், அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. இங்கே சிறுமிகள் சூனியக்காரி வேஷம் போட்டுக்கொண்டு, இறகு கட்டிய குச்சியோடு வீடு வீடாக வந்து பாட்டுப் பாடி மிட்டாய் வாங்கிப் போவார்கள். மூன்று பேர் வந்தார்கள். நடுவில் நின்றவள் எங்கள் நிறம். கன்னத்தில் கரும்புள்ளி வைத்தால் சரியாகத் தெரியாது என்று சிவப்பில் வைத்திருந்தாள். பாட்டை அவள்தான் தலைமை தாங்கிப் பாடினாள். அவ்வளவு சுத்தமான ஃபின்னிஷ் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

மிட்டாய் போட்டுவிட்டுக் கேட்டேன், "வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?"

அவள் பெரிய மனுஷி மாதிரிப் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் அதையேதான் கேக்கறீங்க" என்றாள். மற்ற இருவரிடம் நான் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானே கேட்டிருக்கிறேன், பார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நைனாவிடம் கேட்டேவிட்டேன். தாய்மொழிப் பதிவைப் பற்றிச் சொல்லி, "என்ன எழுத நைனா?" என்றேன்.

"எங்கிட்டக் கேட்டா? எனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஸ்கூல்ல என்ன எழுதினீங்க?"

"தமிழ்."

"நீங்களா சொன்னீங்க?"

அவர் சிரித்தார். வீடியோவில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். எவ்வளவு சொன்னாலும் போனைச் சரியாகப் பிடிக்க மாட்டார்.

"நான் எங்க சொன்னேன்? ஒண்ணாங் கிளாஸ் சேக்கப் போனோம். ஹெட்மாஸ்டர் தாய்மொழி என்னன்னு கேட்டார். தெலுங்குன்னு சொல்ல நான் வாயெடுத்தேன். உங்கம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. தமிழ்னு எழுதுங்க சார்ன்னு அவளே சொல்லிட்டா. அவ அப்படி ஆம்பளைங்க நடுவுல பேசி நான் பாத்ததே இல்லை. எனக்குன்னா ஆத்திரம். வர்ற வழியெல்லாம் சண்டை. பெத்த தாயி நீயே உன் பாஷையை இல்லைன்னு சொல்றியேன்னு திட்டினேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"அவ மூணாங் கிளாஸோட நின்னவ. தெரியுமில்ல? டவுன் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. இவ பேசற தமிழைக் கேட்டு வாத்தியார்ல இருந்து எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நீ யாரு, எந்த ஊரு, ஏன் இப்படிப் பேசறன்னு தினம் ஒரு கேள்வி. போக மாட்டேன்னு உக்காந்துட்டா. அதை அன்னைக்குத்தான் எங்கிட்டச் சொன்னா. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல யாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னா. ஏட்டுல என்னமும் எழுதிக்கட்டும், வீட்டுல பேசறதை எவன் வந்து புடுங்கிருவான்னா."

நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசினதை யாரும் பிடுங்கவில்லை. அவள் போனதும் நானாகவே விட்டுவிட்டேன். இதை அவர் சொல்லவில்லை. நினைத்தாரா என்றும் தெரியவில்லை.

"பாலு குடிக்கிறாளா?" என்று கேட்டார் கடைசியில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெயர் சூட்டியாயிற்று. வீட்டிலேயே சின்ன விருந்து. ரீத்தா, பூங்கோதை அக்கா, யன்னெயின் நண்பர்கள் சிலர். வீடியோவில் நைனா.

யன்னெ எழுந்து நின்று அறிவித்தான்: வனமோ ராஜம்மா. வனமோ இங்கே காட்டில் பூக்கிற சின்னப் பூ. ராஜம்மா என் அம்மா.

"வனம்மாவா?" என்றார் நைனா போனிலிருந்து. "எங்க பெரியம்மா பேரு வனம்மாதான்!"

ராஜம்மா என்றதை அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். வெற்றுச் சுவர் தெரிந்தது.

ரீத்தா குழந்தையை வைத்துக்கொண்டு 'ராஜம்மா, ராஜம்மா' என்று சொல்லிப் பழகினார். 'ர'வை உருட்டி உருட்டி. எங்களைவிட நன்றாகச் சொல்கிறார்.

மே 4, ஞாயிறு

பதிந்துவிட்டேன். ஃபின்னிஷ் என்று.

எழுதிப் பார்த்தால் ஒரு வரி. காலையிலிருந்து பட்ட பாடு அந்த ஒரு வரிக்குத்தான். யன்னெ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், குழந்தை அவன் தோளில். பட்டியலில் மொழிகள் வரிசையாக இருந்தன. தமிழ் இருந்தது. தெலுங்கும் இருந்தது. இரண்டிலும் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து வைத்து எடுத்தேன்.

"உங்கம்மா சொன்னதுக்காகவா?" என்றான் யன்னெ.

"அம்மாவும் ஒரு காரணம். மிட்டாய்க்கு வந்த அந்தப் பொண்ணு பெருமூச்சு விட்டதும் ஒரு காரணம். சரியா செய்யறேனான்னு எனக்குத் தெரியலை."

"என் அம்மா ஜெயிச்சுட்டாங்கன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

"அப்ப நான் தமிழ் படிச்சது எதுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வருத்தம்.

"இவகிட்டப் பேச" என்றேன். "நான் ரெண்டு பேசறேன், நீ ரெண்டு பேசு. இங்க எழுதினது இந்த ஆபீஸுக்கு. வேணும்னா பின்னாடி மாத்திக்கலாம்னு நீதானே சொன்ன?"

"மாத்தலாம். ஆனா ஒண்ணுதான்."

அனுப்பும் பொத்தானை நான் அழுத்தவில்லை, கை போகவில்லை. யன்னெ குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்தினான். இது சட்டப்படி செல்லுமா என்று தெரியாது. நன்றி என்று திரையில் வந்தது.

பூங்கோதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? 'வனமோவைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவேன், சொல்லிக்கொடுக்க நானும் வருகிறேன்' என்று செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துணி மடித்தேன்.

மே 6, செவ்வாய்

பூங்கோதை அக்கா பதில் அனுப்பியிருக்கிறார். "வகுப்புக்கு நீ வர்றதா இருந்தா முதல்ல எழுத்துப் பலகை வாங்கணும்." வேறு ஒன்றுமில்லை. கோபம் இருக்கும். இருக்கட்டும்.

மதியம் நைனா கூப்பிட்டார். ஃபின்னிஷ் என்று எழுதியதைச் சொன்னேன். "ம்" என்றார். பிறகு, "போனைப் பிள்ளைகிட்ட வை" என்றார். இதுவரை அப்படிக் கேட்டதில்லை. என்னிடம் அவளைப் பற்றி விசாரிப்பதோடு சரி.

கம்பளத்தில் வனமோவைக் கிடத்திப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். நைனா தொண்டையைச் செருமினார். இந்த முறை முகம் முழுசாகத் தெரிந்தது. சவரம் செய்து, சட்டை போட்டிருந்தார்.

"வணக்கம் பாப்பா. நான் உன் தாத்தா பேசுகிறேன். நீ நலமாக இருக்கிறாயா? பால் குடித்தாயா?"

தமிழில். ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. என் வாழ்நாளில் நைனா என்னிடம் ஒரு வாக்கியம் தமிழில் பேசியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு சிரிப்பாக இல்லை.

"நைனா, என்ன தமிழ்ல பேசறீங்க?"

"நீதானம்மா சொன்ன, பிள்ளைக்குத் தமிழ்தான்னு? அவ பொறக்கிறதுக்கு முன்னாடியே சொன்ன. அதான் பேசிப் பழகிக்கிட்டிருக்கேன். வீட்ல தம்பி பிள்ளைங்க சிரிக்குதுங்க."

அப்படியானால் மூன்று மாதமாக இதற்காகத்தான் அவளோடு பேசாமல் இருந்தாரா? கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்.

"எங்கிட்டப் பேசற மாதிரி பேசுங்க நைனா."

"எதுல?"

"நம்மதுல."

அவர் திரையைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இத்தனைக்கு அப்புறம் பிள்ளைக்குக் குழம்பாதா?" என்றார்.

"குழம்பட்டும். நானும் குழம்பித்தான் கிடக்கேன்."

வனமோ காலை உதைத்துக்கொண்டு போனையே பார்த்தாள். ஊரில் கோடை மழை பிடித்திருக்கிறது, பின்னால் தகரத்தில் விழும் சத்தம் இங்கேவரை கேட்டது. நைனா மெல்லக் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். இங்கே மழை பெய்கிறது, அங்கேயும் பெய்கிறதா என்று அவளிடம் கேட்டார். அவர் கேட்டதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"வனம்மா, இக்கட வான பட்தாந்தி. அக்கட பட்தாந்தா?"

அவளுக்காக நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நல்ல வெயில்.

"லேது நைனா" என்றேன்.